எம்எஸ்சி இயற்பியலிலிருந்து குவாண்டம் தகவலியல் ஆராய்ச்சிக்கு: தேர்வு, பயிற்சி, வேலை பற்றிய கேள்விகள்

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் எம்எஸ்சி இயற்பியல் முதலாண்டு சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. குவாண்டம் தகவலியலில் பிஎச்டி பண்ணணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா வழி தெரியலை.

1. பிஎச்டிக்கு உதவுற தேர்வுன்னு சொல்ற நெட், கேட், ஜெஸ்ட் மூணுல எதுக்குப் படிக்கிறது?
2. எங்க ஆய்வகத்துல ஒரு ஹீலியம்-நியான் லேசரும் கொஞ்சம் கண்ணாடி, லென்ஸும்தான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு சோதனைப் பக்கம் போக ஆசைப்படலாமா, இல்லை கோட்பாடுதான் நமக்கு வழியா?
3. "புராஜெக்ட் ஜேஆர்எஃப்" (ஆய்வுத் திட்டப் பணத்துல சம்பளம் தர்ற இளநிலை ஆய்வாளர் வேலை) விளம்பரம் நிறைய வருது. சேரலாமா?
4. வெளிநாட்டில் பணம் கட்டாமல் படிக்க முடியுமா?

இணையத்தில் ரெண்டு சான்றிதழ் வகுப்பு முடிச்சிருக்கேன். பைதான் ஓரளவு தெரியும். கூட இருக்கிற நண்பன் ஈசிஇ முடிச்சவன், அவனுக்கும் இதில் ஆர்வம். அவனுக்கு இடம் உண்டா?

தரமணி_டீக்கடை:

தம்பி, மூன்று தேர்வும் மூன்று வெவ்வேறு கதவு. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு உட்கார வேண்டாம். பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றேதான், கேள்வி கேட்கும் விதம்தான் மாறும்.

கேட் பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். ஐஐடிகளின் இயற்பியல் துறைகள் கேட் அல்லது நெட் கேட்கும். ஜெஸ்ட் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பிரயாக்ராஜின் ஹரிஷ்-சந்திரா நிறுவனம் மாதிரி கோட்பாட்டுக்குப் பேர்போன இடங்களுக்கு இதுதான் சாவி. இந்த இரண்டிலும் குவாண்டம் தகவலியல் ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. சிஎஸ்ஐஆர் நெட் ஆண்டுக்கு இரண்டு முறை.

நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் வேறொரு பலன் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறது: முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பேராசிரியர் தன் திட்டப் பணத்தைத் தொடாமலே உங்களை எடுத்துக்கொள்ளலாம். "இந்த வருடம் நிதி இல்லை" என்று சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்கூட இதனால் சரி என்பார்.

அடுத்து, பணம் எங்கே போகிறது என்று பாருங்கள், வேலை அங்கேதான் இருக்கும். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் தந்தது. 2030-31 வரைக்கும் 6,003.65 கோடி ரூபாய். நான்கு மையங்கள்: கணிப்புக்குப் பெங்களூர் ஐஐஎஸ்சி, தொடர்புக்கு அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டுடன் சேர்ந்து ஐஐடி மெட்ராஸ், உணர்விகள், அளவியலுக்கு ஐஐடி பம்பாய், பொருட்கள், சாதனங்களுக்கு ஐஐடி டெல்லி. மையம் என்றால் ஒரே கட்டடம் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் நாடு முழுக்க ஆய்வுக்குழுக்கள் இருக்கின்றன. அதனால் மையத்தின் பக்கத்தை மட்டும் பார்க்காமல், உறுப்புக் குழு ஒவ்வொன்றின் "ஆட்கள் தேவை" பக்கத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

இயக்கத்தின் இலக்கு என்ன? 8 ஆண்டில் 50 முதல் 1000 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வரையிலான கணினி, 2,000 கிலோமீட்டருக்குச் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பான தொடர்பு. இதைக் கட்ட அல்காரிதம் எழுதுபவர்கள் மட்டும் போதாது. லேசர், குறைவெப்பநிலை, நுண்ணலை மின்னணுவியல், வெற்றிடம் தெரிந்த ஆட்கள் வேண்டும். நம் ஊரில் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் "குவாண்டம் மெஷின் லேர்னிங்" என்று எழுதுகிறார்கள். ஆள் பற்றாக்குறை இருப்பது சோதனைப் பக்கத்தில்.

கோடைப் பயிற்சிக்கு நீங்கள் இப்போதே தயாராக வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமாக நவம்பரில் முடிந்துவிடும், பயிற்சி 2 மாதம். டிஐஎஃப்ஆர் (மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), ராமன் ஆய்வு நிறுவனம், ஹரிஷ்-சந்திரா நிறுவனம் எல்லாம் தனித்தனியாக வருகை மாணவர் திட்டம் வைத்திருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்களைப் பல திட்டங்கள் எடுப்பதில்லை. உங்களுக்கு இருப்பது இந்த ஒரு கோடைதான். விளம்பரத்தில் தகுதி பற்றிய வரியை முதலில் படியுங்கள்.

ஒளிமேசை:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். ஹீலியம்-நியான் லேசர் இருக்கிறதா? அப்படியானால் சோதனைப் பக்கம் போகத் தேவையான கைப்பழக்கத்தில் பாதியை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

குவாண்டம் ஒளியியல் ஆய்வகத்தில் சேரும் புது மாணவருக்குக் கொடுக்கும் முதல் வேலை, லேசர் ஒளியை ஒற்றைமுறை இழைக்குள், அதாவது ஒளி ஒரே வடிவில் மட்டும் பரவும் ஒளியிழைக்குள், செலுத்துவது. இழையின் மையத்தில் ஒளி பரவும் வட்டம் 633 நேனோமீட்டரில் சுமார் 4.3 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியை நுழைக்க வேண்டும். லென்ஸைக் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது. குவியத் தூரம் என்பது பை பெருக்கல் கற்றையின் விட்டம் பெருக்கல் இழை வட்டத்தின் விட்டம், வகுத்தல் 4 மடங்கு அலைநீளம். கற்றை 0.8 மில்லிமீட்டர் என்றால் விடை சுமார் 4.3 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுவிட்டு நாள் முழுக்கத் திருகினாலும் சுமார் பாதி ஒளிக்கு மேல் உள்ளே போகாது. குறை கையில் இல்லை, லென்ஸில்.

செய்முறை இப்படி. லேசருக்கும் இழைக்கும் நடுவே இரண்டு கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு. இழையின் மறுமுனையிலிருந்து இழை சோதிக்கும் சிவப்பு விளக்கைப் பின்னோக்கி அடியுங்கள். அந்த ஒளியும் லேசர் ஒளியும் இரண்டு இடங்களில், ஒன்று இழைப் பக்கத்துக் கண்ணாடிக்கு அருகில், ஒன்று அதிலிருந்து தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். லேசர் பக்கத்துக் கண்ணாடியை அருகிலுள்ள புள்ளிக்கும், இழைப் பக்கத்துக் கண்ணாடியை தூரத்துப் புள்ளிக்கும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். பிறகு விளக்கை எடுத்துவிட்டு மறுமுனையில் திறன்மானி வையுங்கள். ஒரு திருகை லேசாகக் கெடுத்துவிட்டு, அதற்கு இணையான இன்னொரு கண்ணாடியின் திருகால் மீட்டெடுங்கள். பழைய அளவைவிடக் கூடினால் அதே திசையில் தொடருங்கள், குறைந்தால் எதிர்த்திசை. 50 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் நல்ல கைவேலை.

பலர் மாட்டிக்கொள்வது இழை வாங்கும்போது. தொலைத்தொடர்புக் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற இழை மலிவு, மேலே "ஒற்றைமுறை" என்றுதான் எழுதியிருக்கும். அது 1,310, 1,550 நேனோமீட்டருக்கு ஒற்றைமுறை. 633-இல் அதே இழை பலமுறை இழையாகிவிடும். மறுமுனையில் அழகான ஒற்றை வட்டம் வராமல் இரண்டு மூன்று துண்டாகப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான்.

அடுத்தது ஒளியை இரு பாதையாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் மாக்-செண்டர் குறுக்கீட்டுமானி. இரு பாதையிலும் முனைவாக்கி வைத்து ஒன்றைத் திருப்பினால் பட்டைகள் மறையும், வெளியே 45 பாகையில் மூன்றாவது முனைவாக்கி வைத்தால் திரும்பி வரும். செய்யுங்கள், அளந்து பட்டைத்தெளிவைக் கணக்கிடுங்கள். ஆனால் நேர்காணலில் "குவாண்டம் அழிப்பான் செய்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். லேசர் ஒளியில் தெரிவது செவ்வியல் அலைக் குறுக்கீடுதான். ஒளியை எவ்வளவு மங்கலாக்கினாலும் அது ஒற்றை ஃபோட்டான் மூலமாகாது. துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று குறைத்தாலும், காலியில்லாத துடிப்புகளில் சுமார் 5 விழுக்காட்டில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்பவரை எந்தக் குழுவும் கவனிக்கும். குவாண்டம் சாவிப் பகிர்வில் (ரகசியச் சாவியை ஃபோட்டான்கள் வழியே பகிர்வது) ஒட்டுக்கேட்பவர் புகும் ஓட்டையும் இந்த 5 விழுக்காடுதான்.

கோடையில் ஒரு குவாண்டம் ஒளியியல் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் பெல் சோதனை (இரு ஃபோட்டான்களின் தொடர்பு செவ்வியல் எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது) செய்யும் வாய்ப்பு வரலாம். 405 நேனோமீட்டர் லேசர் பிபிஓ படிகத்தில் விழுந்து 810 நேனோமீட்டரில் ஃபோட்டான் இரட்டைகள் பிறக்கும். 810 ஏன் என்றால், சிலிக்கான் ஒற்றை ஃபோட்டான் உணரிகள் அங்கே நன்றாக வேலை செய்யும், 1,550-இல் அவை குருடு. போகுமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

ஒன்று, தற்செயல் இணைவுகள். இரு உணரிகளும் தனித்தனியே நொடிக்கு 50,000 எண்ணிக்கை காட்டுகின்றன, இணைவுச் சாளரம் 10 நேனோநொடி என்றால், எந்தத் தொடர்பும் இல்லாமலே நொடிக்கு 25 இணைவு வரும். உண்மை இணைவு நொடிக்கு 100 மட்டுமே என்றால் இந்த 25 உங்கள் முடிவையே கவிழ்த்துவிடும். கழிக்க வேண்டும், கழித்தேன் என்று எழுதவும் வேண்டும்.

இரண்டு, கோணம். பெல் அளவுக்கு ஒரு பக்கம் 0, 45 பாகை, மறுபக்கம் 22.5, 67.5. இது முனைவாக்கியின் கோணம். அரையலைத் தட்டால் செய்தால் தட்டை 10 பாகை திருப்பினால் முனைவு 20 பாகை திரும்பும், ஆகவே எல்லாக் கோணமும் பாதி. இதை மறந்தால் விடை செவ்வியல் எல்லையான 2-ஐத் தாண்டாது, நாலு நாள் படிகத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி ஒளிமேசை அண்ணா, எங்க ஆய்வகப் பொறுப்பாளரிடம் நாளைக்கே கேட்கிறேன். இன்னொரு சிக்கல். கிஸ்கிட் (ஐபிஎம்மோட குவாண்டம் நிரல் தொகுப்பு) பழகலாம்னு ஒரு பாடத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செஞ்சேன். முதல் வரியிலேயே "எக்ஸிக்யூட்டை இறக்குமதி செய்ய முடியவில்லை"ன்னு பிழை. குவாண்டம் சுற்றைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிற ஏர் சிமுலேட்டரும் வரலை. கணினி பழசா இருக்கிறதாலயா? 8 ஜிபி நினைவகம்தான்.

கணக்குச்சுவடி:

கணினியில் குறையில்லை, பாடம் பழசு. 2024 பிப்ரவரியில் கிஸ்கிட் 1.0 வந்தபோது எக்ஸிக்யூட் கட்டளையை எடுத்துவிட்டார்கள். ஏர் தனித் தொகுப்பாகிவிட்டது, தனியாக நிறுவ வேண்டும். இன்னும் முக்கியம்: பழைய 0 வரிசைப் பதிப்பின் மேலேயே புதியதை நிறுவாதீர்கள், இரண்டும் கலந்து விளங்காத பிழைகள் வரும். புது மெய்நிகர்ச் சூழல் ஒன்று உருவாக்கி அதில் முதலிலிருந்து நிறுவுங்கள். உண்மையான ஐபிஎம் கருவியில் ஓட்டும்போது சுற்றை அந்தக் கருவிக்கு ஏற்றபடி டிரான்ஸ்பைல் செய்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. இலவசக் கணக்கில் 28 நாளுக்கு 10 நிமிடம் கிடைக்கிறது, படிப்பதற்கு அது தாராளம். எல்லாவற்றையும் சிமுலேட்டரில் சரிபார்த்த பிறகு அந்த நிமிடங்களைச் செலவழியுங்கள்.

8 ஜிபியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கியூபிட் கூடினால் நினைவகத் தேவை இரண்டு மடங்கு. 28 கியூபிட் நிலைத்திசையன் 4 ஜிபி, 30 என்றால் 16 ஜிபி. இரைச்சலோடு அடர்த்தி அணி வைத்துக் கணக்கிட்டால் அதே 4 ஜிபியில் 14 கியூபிட்தான் அடங்கும். படிக்கும் காலத்தில் 2 கியூபிட்டில் செய்ய வேண்டியதே மலையளவு இருக்கிறது.

கிஸ்கிட்டில் எல்லாரையும் கவிழ்க்கும் இடம் கியூபிட் வரிசை. 0-ஆம் கியூபிட்டை வலது கடைசியில் எழுதும். இரண்டு கியூபிட்டில் முதலாவதை மட்டும் புரட்டினால் புத்தகத்தில் 10, கிஸ்கிட்டில் 01. ஒரு கியூபிட்டைப் பொறுத்து இன்னொன்றைப் புரட்டும் சிநாட் வாயிலின் அணியும் புத்தகத்தில் இருப்பது மாதிரி இருக்காது. கையால் போட்ட விடையும் கணினி விடையும் ஒத்துவராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சான்றிதழ்களை ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு சிறு கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நீங்களே செய்து, யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி கிட்ஹப்பில் வையுங்கள். எடுத்துக்காட்டாக வெர்னர் நிலை. பெல் ஒற்றைநிலையை (இரு கியூபிட் முழுதாகப் பின்னிய நிலை) பி பங்கும், முழு இரைச்சலை மீதிப் பங்கும் கலந்தது. பி 0.5 என்று வைத்துக் கையால் எழுதுங்கள். நாலுக்கு நாலு அணி, மூலைவிட்டத்தில் 0.125, 0.375, 0.375, 0.125. நடுவில் இரண்டு இடத்தில் கழித்தல் 0.25. ஒரு பக்கத்துக்கு மட்டும் பகுதி இடமாற்றம் செய்தால் அந்தக் கழித்தல் 0.25 மூலைகளுக்குப் போய்விடும். ஐகன் மதிப்புகளில் ஒன்று கழித்தல் 0.125. எதிர்மறை வந்துவிட்டதால் இந்த நிலையில் என்டாங்கிள்மென்ட், அதாவது குவாண்டம் பின்னல், உண்டு. ஆனால் பெல் அளவு 2√2 பெருக்கல் 0.5, அதாவது 1.41, 2-ஐத் தாண்டவில்லை. பொதுவாக பி மூன்றில் ஒன்றைத் தாண்டினால் என்டாங்கிள்மென்ட், 0.707-ஐத் தாண்டினால்தான் பெல் மீறல். நடுவில் உள்ள இடைவெளியில் பின்னல் இருந்தும் இந்தச் சோதனை அதைக் காட்டாது.

இதைப் பைதானின் கணிதத் தொகுப்பான நைம்பையில் கணக்கிட்டு ஒரு வரைபடமாகப் போடுங்கள். பிறகு கிஸ்கிட்டில் இரைச்சல் மாதிரியோடு ஓட்டி அதே வரைபடத்தின் மேல் புள்ளிகளை வையுங்கள், பிழைக்கோடு போடுங்கள். பெல் அளவின் நாலு உறுப்புக்கும் தலா 1,024 முறை அளந்தால் 2.83 அருகில் பிழை சுமார் 0.044. பிழைக்கோடு இல்லாத வரைபடத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். கடைசியாக ஐபிஎம் கருவியில் அதே சுற்று. ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய வேலை. ஆனால் உங்களுக்கு நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், நிரல் மூன்றும் தெரியும் என்று அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.

நேர்காணலிலும் இப்படித்தான் கேட்பார்கள். ஷோர் அல்காரிதம் பற்றிப் பேசச் சொல்ல மாட்டார்கள். பெல் நிலையில் ஒரு கியூபிட்டின் குறுக்கிய அடர்த்தி அணி என்ன, நகலெடுக்க முடியாது என்பதை மூன்று வரியில் நிறுவு, பிபி84 என்ற குவாண்டம் சாவிப் பகிர்வு முறையில் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொன்றையும் அளந்து திருப்பி அனுப்பினால் பிழை ஏன் 25 விழுக்காடு என்று கேட்பார்கள். பலகையில் இரண்டுக்கு இரண்டு அணியின் ஐகன் மதிப்பைத் தடுமாறாமல் போடத் தெரியாமல் திரும்புபவர்கள்தான் அதிகம்.

மில்லிகெல்வின்:

ஈசிஇ நண்பருக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அதிகம் தேவைப்படுவதே அவரைப் போன்றவர்கள்தான்.

மீக்கடத்திக் கியூபிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் அலைவெண் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ், வைஃபைக்குப் பக்கத்து ஊர். அந்த ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னால் 0.24 கெல்வின். அதனால்தான் 10, 20 மில்லிகெல்வின் வரை குளிரூட்டுகிறோம். ஆனால் கட்டளைத் துடிப்பு அறை வெப்பநிலையிலிருந்து கம்பி வழியே இறங்கி வருகிறது, கூடவே 300 கெல்வின் இரைச்சலும் இறங்குகிறது, 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 1,250 ஃபோட்டான். கியூபிட்டுக்கு அது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைய வேண்டும். பத்து லட்சம் மடங்கு, அதாவது 60 டெசிபல். இதை மேலேயே ஒரே தணிப்பானாகப் போட்டால் பயனில்லை, ஏனென்றால் தணிப்பானும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற இரைச்சலைத் தானே வெளியிடும். முழுவதையும் குளிரூட்டியின் மிகக் குளிர்ந்த அடித்தட்டில் போட்டால் துடிப்பின் சூட்டை அந்தத் தட்டு தாங்காது. ஆகவே 4 கெல்வின் தட்டில் 20, நடுத்தட்டில் 20, அடித்தட்டில் 20 என்று பிரித்துப் போடுவது வழக்கம்.

ஈசிஇ படித்தவருக்கு இது ஒரு மணி நேரத்தில் புரியும். அவர் பழக வேண்டியவை: வெக்டர் நெட்வொர்க் அனலைசரை அளவுதிருத்தம் செய்து எஸ் அளபுருக்களைப் படிப்பது, ஐ-க்யூ மிக்சரில் உள் அலையியற்றியின் கசிவையும் பிம்ப அலையையும் அடக்குவது, எஃப்பிஜிஏ (நிரலால் மாற்றியமைக்கக்கூடிய சில்லு). அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் க்விக் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது, ஆர்எஃப்எஸ்ஓசி என்ற நுண்ணலைச் சில்லுள்ள பலகையில் ஓடும். பலகை விலை கூடுதல், ஆனால் மூலநிரலைப் படிக்கக் காசு வேண்டாம்.

துடிப்பின் வடிவம் பற்றியும் ஒரு சொல். டிரான்ஸ்மான் என்ற மீக்கடத்திக் கியூபிட் வகையில் முதல் தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் உள்ள வேறுபாடு 200, 300 மெகாஹெர்ட்ஸ்தான். துடிப்பை மிகக் குறுக்கினால் அதன் அலைவெண் பரப்பு விரிந்து மூன்றாவது நிலைக்கும் ஆற்றல் கசியும். நீட்டினால் கியூபிட் அதற்குள் நினைவிழந்துவிடும். இந்த இழுபறியைச் சமிக்ஞைச் செயலாக்கம் படித்தவர் இயற்பியல்காரரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

வேலைக்கு டிஐஎஃப்ஆர், ஐஐஎஸ்சி குழுக்கள் திட்டப் பொறியாளர்களை எடுப்பதுண்டு. ஐஐஎஸ்சியில் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கென்றே எம்டெக் இருக்கிறது. நிறுவனங்கள் என்றால் பெங்களூரில் கியூபிஏஐ, குவாண்டம் சாவிப் பகிர்வுக்கு ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த க்யூநு லேப்ஸ்.

அயல்நாட்டஞ்சல்:

3-க்கும் 4-க்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

புராஜெக்ட் ஜேஆர்எஃப் நல்ல வாய்ப்புத்தான், ஆனால் சேருமுன் நான்கு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம்? பிஎச்டிக்குப் பதிவு செய்ய அந்த நிறுவன விதி இடம் தருகிறதா, தந்தால் நெட் அல்லது கேட் வேண்டுமா? திட்டம் முடிந்தால் உதவித்தொகை எங்கிருந்து? தினசரி வேலை என்ன? விளம்பரத்தில் குவாண்டம் என்று இருந்தும் உள்ளே கொள்முதல் கோப்பு பார்ப்பது மட்டுமே வேலையாக இருந்தால் 2 ஆண்டு போய்விடும். திட்டப் பணம் தாமதமாக வந்து சம்பளம் சில மாதம் நிற்பதும் நடக்கும், அதனால் கையில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள்.

வெளிநாட்டில் எம்எஸ்சிக்கும் பிஎச்டிக்கும் கணக்கே வேறு. ஐரோப்பாவில் பல நாடுகளில் பிஎச்டி என்பது சம்பள வேலை. ஜெர்மனியில் டிவி-எல் 13 ஊதியப் படியில் 67, 75 விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். அது ஒப்பந்த நேரத்தின், சம்பளத்தின் பங்கு, நடைமுறையில் வேலை பெரும்பாலும் முழுநேரம்தான். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு விளம்பரங்களைத் தவறாமல் பாருங்கள். அதில் ஒரு விதி: சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இங்கிருந்து நேராக விண்ணப்பிப்பவருக்கு இது தடையே இல்லை. அங்கே ஏற்கெனவே எம்எஸ்சி படித்தவர்தான் இதில் அடிபடுவார். அதே நாட்டில் முதலில் கடன் வாங்கி எம்எஸ்சி, பிறகு பிஎச்டி என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

ஜெர்மனியில் எம்எஸ்சிதான் என்றால் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (இங்கே படித்த சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், ஓராண்டுச் செலவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் புது மாணவர்களிடம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற பழைய பேச்சை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் பிஎச்டிக்கு உதவித்தொகை உண்டு. கனடாவில் வாட்டர்லூவின் குவாண்டம் கணிப்பு நிறுவனம் 2002-இலிருந்து இருக்கிறது. ஜப்பானில் ஒக்கினாவா நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விமானச் செலவு, தங்குமிடம், நாள்படி தருகிறார்கள். எம்எஸ்சி நடுவிலேயே முயலத் தகுந்தது. எந்தக் குழுவுக்கு ஆள் தேவை என்று அறிய குவாண்டிக்கி இணையதளத்தின் பட்டியலைப் பாருங்கள்.

மின்னஞ்சல் எழுதும் விதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க குழுவில்" என்று தொடங்கி 40 பேருக்கு ஒரே கடிதம் போனால் 40 பேரும் திறந்த உடனே மூடிவிடுவார்கள். 150 சொல் போதும். முதல் வரியில் நீங்கள் யார், எப்போது சேர முடியும். அடுத்து அவருடைய சமீபத்திய ஒரு கட்டுரையின் எந்த வரைபடத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்த்தீர்கள், எங்கே ஒத்துவந்தது, எங்கே வரவில்லை. கணக்குச்சுவடி சொன்ன வெர்னர் வேலையின் இணைப்பு. இறுதியில் உங்கள் நிதி நிலை: நெட் இருக்கிறதா, எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். மதிப்பெண் பட்டியலையும் தன்விவரத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி உங்கள் பெயரையே கோப்புக்கு வையுங்கள்.

வைகைக்கரை:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விரிவா வரும்னு நினைக்கலை. கடைசியா ஒண்ணு. மின்னஞ்சலுக்கு பதில் வராட்டி எத்தனை நாள் காத்திருக்கிறது? பரிந்துரைக் கடிதம் எங்க கல்லூரி ஆசிரியர் தந்தா மதிப்பாங்களா?

தரமணி_டீக்கடை:

இரண்டு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த குழுவைப் பாருங்கள். ஒரே துறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு எழுத வேண்டாம், அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

கல்லூரி ஆசிரியரின் கடிதத்தை மதிப்பார்கள், அதில் விஷயம் இருந்தால். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. ஒளிமேசை சொன்ன இழைச் சோதனையை அவர் கண்முன் செய்து முடியுங்கள். எத்தனை விழுக்காடு ஒளி உள்ளே போனது, எந்தத் தவறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பை அவரிடம் கொடுங்கள். கடிதத்தில் அந்த எண் வந்துவிடும். கோடைத் திட்டத்துக்கும் கடிதம் தேவைப்படும், நவம்பர் கடைசி வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.